பாத்திரக்கடை மருமகளும் இரண்டு வால்நட்சத்திரங்களும்

கஸ்தூரிக்குக் கூட்டல் சரியாக வராது. கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். மதுரையில் கல்லூரி வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறியவள். சைன், காஸ் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். ஆனால் எட்டும் ஏழும் எவ்வளவு என்று சட்டென்று கேட்டுவிட்டால் ஒரு கணம் விழித்துவிட்டு, "பதினாறு" என்பாள்.

இது தெரியாமல்தான் அருப்புக்கோட்டை வெள்ளத்துரை தன் மகன் தங்கசாமிக்குப் பெண் கேட்டுக் காரியாபட்டிக்குப் போனார். பஜாரில் பித்தளை, வெண்கலப் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அவர். ஆள் குட்டை, குரல் பெரியது.

"என்ன படிச்சிருக்கே தாயி?" என்று கேட்டார்.

"கணக்குங்க."

"அடி சக்கை! இனிமே கடைக்குக் கணக்குப்பிள்ளை தேட வேண்டாம்."

கஸ்தூரியின் அப்பா பலசரக்கு வியாபாரி. மகளை நன்றாக அறிந்தவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

1971 வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆனியில் கஸ்தூரியைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். ஒரே வாரம். ஒரு திருச்சுழிக்காரர் வாங்கிய குத்துவிளக்குக்கும் தவலைக்கும் சேர்த்து அவள் போட்ட தொகையைப் பார்த்து, வாங்கினவரே, "இது எனக்குக் கட்டும், ஒங்களுக்குக் கட்டாதே அண்ணாச்சி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளத்துரை கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "தாயி, நீ வீட்டுக்குள்ளயே இரு. கடை பொழைச்சுக்கிடும்" என்றார். கஸ்தூரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது மாமனாரைத்தான்.

அவளுக்கு உண்மையில் எந்தக் கணக்கு வரும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

அது தொடங்கியது கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், பங்குனியில். கடைசி வருஷப் பரீட்சை நேரம். காரியாபட்டியிலிருந்து விடியுமுன் கிளம்பும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பாதி, சந்தைக்குப் போகும் கத்தரிக்காய்க் கூடைகள். ஆவியூர் தாண்டியதும், படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், "ஏலே, வண்டியை நிப்பாட்டு, வண்டியை நிப்பாட்டு!" என்று கத்தினார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் பிரேக் போட்டார். கத்தரிக்காய்கள் உருண்டன.

கிழக்கே பனைகளுக்கு மேல், வெள்ளையாக, நீளமாக வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு வால்நட்சத்திரம் நின்றது.

எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் மந்திரிசபை கவிழும் என்றார். பருத்தி விலை ஏறும் என்றார் இன்னொருவர். கஸ்தூரி மட்டும், "நாளைக்கு இது எங்கே நிக்கும்?" என்று கேட்டாள். அது பதில் இருக்கிற கேள்வி என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கல்லூரிக்குப் போன கையோடு, நூலகத்தில் கோள வானியல் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தாள். மறுநாள் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவில் அதைப் படித்தாள். வகுப்பில் முதலாவதாக வராமல் இரண்டாவதாக வந்ததற்கு அந்த வால்நட்சத்திரம்தான் காரணம் என்று பிற்பாடு சொல்வாள். வருத்தமாகச் சொல்ல மாட்டாள்.

கல்யாணமான முதல் தீபாவளிக்குத் தங்கசாமி, "என்ன வேணும்?" என்று கேட்டான். "பைனாகுலர்" என்றாள். பட்டுச்சேலைக்காக மனசுக்குள் கடைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்த தங்கசாமி திகைத்துப்போனான். ஆனாலும் மதுரையில் பழைய சாமான் விற்கும் தெருவில் அலைந்து, பட்டாளத்துப் பைனாகுலர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். அதன் ஒரு கண்ணாடியில் கீறல். அவன் அம்மா முத்துமாரியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்கிட்டுக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் அமைதியாகப் போனது. 1973 புரட்டாசி, ஐப்பசியில் பத்திரிகைகள் கூச்சல் போடத் தொடங்கின. கொஹௌடெக் என்று பெயர் வைத்த வால்நட்சத்திரம் ஒன்று வருகிறதாம். நூற்றாண்டில் பெரியதாம். பகலிலேயே தெரியுமாம். நிலா அளவுக்கு எரியுமாம்.

செய்தி பஜாருக்கு வந்ததும் பாத்திரக்கடை வீட்டில் பெரிய குழப்பம். ஏனென்றால் வெள்ளத்துரை அந்தத் தை மாதத்தில்தான் எவர்சில்வருக்கென்று தனிக்கடை திறக்க முடிவு செய்திருந்தார். இடம் பிடித்தாயிற்று. பொங்கல் கழிந்த வியாழக்கிழமைக்கு நாளும் குறித்தாயிற்று. குடம், தூக்குவாளி, சம்படம் என்று லோடு லோடாக மெட்ராஸிலிருந்து வந்து குடோனில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வால்நட்சத்திரம் நிக்கிறப்பக் கடை தெறக்கக் கூடாது" என்றாள் முத்துமாரியம்மாள். "மாசிக்குத் தள்ளிப் போடுங்க."

"மாசியிலயும் அது நின்னா?"

"நிக்காது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சமையலறை வாசலில் நின்ற கஸ்தூரி மெதுவாக, "மாமா, அது எந்த நாள்ல எங்க நிக்கும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லவா?" என்றாள்.

வெள்ளத்துரை அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கணக்கா? நீயா தாயி?"

"கூட்டல் கொஞ்சம்தான் மாமா இருக்கும்."

தங்கசாமி மறுநாளே சரக்கு வாங்க மதுரைக்குப் போனான். கஸ்தூரியின் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், வானாய்வு நிலையங்கள் வெளியிட்டிருந்த ஆறு எண்களை அவனுக்கு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்கு வந்து, "ஆறே ஆறு நம்பர். இதுக்குள்ள வால்நட்சத்திரம் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

கஸ்தூரி உள்ளேயிருந்து இரண்டு தாம்பாளங்களை எடுத்து வந்தாள். ஒன்றைத் தரையில் வைத்து நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். "இது சூரியன். பூமி இந்தத் தாம்பாளத்து விளிம்பில சுத்துது. வால்நட்சத்திரம் வேற தாம்பாளத்தில வருது. அந்தத் தாம்பாளம் கொஞ்சம் சாஞ்சிருக்கும்." இரண்டாவது தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்தாள். "எவ்வளவு சாய்வு, அது ஒரு நம்பர். ரெண்டு தாம்பாளமும் எந்தத் திசையில வெட்டிக்கிடுது, அது ஒரு நம்பர். பழத்துக்குப் பக்கத்தில வர்ற இடம் எந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட, என்னைக்கு. அஞ்சாச்சா? பாதை வட்டமா, நீள்வட்டமா, இல்லே வந்த வழியே திரும்பாம விரிஞ்சு போயிடுமா. அது ஆறு."

"அவ்வளவுதானா?"

"பாதை அவ்வளவுதான். ஆனா அது ஒரே வேகத்தில போகாது. பழத்தை நெருங்க நெருங்கப் பறக்கும். விலக விலக நடக்கும். அதனால ஒவ்வொரு நாளுக்கும் அது எங்க நிக்குதுன்னு தனித்தனியாக் கண்டுபிடிக்கணும். அப்புறம் நாம நிக்கிற இடத்திலேருந்து பாத்தா எப்பிடித் தெரியும்னு மாத்தணும்."

தங்கசாமி தாம்பாளத்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து லாகரிதம் புத்தகத்தைப் பார்த்து எண்களை வாசித்துச் சொல்வது அவன் வேலையானது. கடை அடைத்துச் சாப்பிட்டபின் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். மார்கழி தொடங்கித் தை முடிகிற வரைக்கும், நான்கு நாளைக்கு ஒரு நிலை என்று கணக்கிட்டுக்கொண்டே போனாள் கஸ்தூரி. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முழுத்தாள் நிறைய எண்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் முகம் வாடிவிட்டது. அடுத்தடுத்த நிலைகளைக் கழித்துப் பார்த்தால் வால்நட்சத்திரம் சீராக நகர வேண்டும். ஆனால் மார்கழிக் கடைசியில் அது திடீரென்று பின்வாங்கி, மறுபடி முன்னால் பாய்ந்தது.

எட்டிப் பார்த்த வெள்ளத்துரை, "என்ன தாயி, ஒன் நட்சத்திரம் கள்ளுக்கடைக்குப் போயிட்டு வருதா?" என்றார்.

"எங்கேயோ கூட்டல்ல தப்பு மாமா. நாலு தடவை பாத்துட்டேன். நாலு தடவையும் வேற வேற விடை வருது."

"குடு இங்க."

தாளை வாங்கிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தார். சைன் என்றால் என்ன, லாக் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. விரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது தாளில் விரல் நின்றது. "எட்டும் ஏழும் பதினாறுன்னு போட்டிருக்கே."

வீடே சிரித்தது. கஸ்தூரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். திருத்திப் போட்டதும் வால்நட்சத்திரம் ஒழுங்காக நடந்தது. அதற்கப்புறம் கூட்டல் எல்லாம் மாமனாருக்கு என்று ஏற்பாடாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையை மென்றுகொண்டு, "இன்னைக்கு லோடு வரலையா தாயி?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

விடை வந்தது. கடை திறப்பு நாளன்று வால்நட்சத்திரம் மாலையில், மேற்கே, வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே வியாழன் கிரகம் இருக்கும். வியாழனிலிருந்து கையை நீட்டி ஒன்றரைச் சாண் மேலே அளந்தால் வால்நட்சத்திரம்.

"மேக்கா?" என்று நிமிர்ந்தார் வெள்ளத்துரை. "கடை கிழக்குப் பாத்த கடை. அப்ப அது கடைக்கு முதுகுப் பக்கமில்ல நிக்குது!" மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? மூஞ்சியில முழிக்காது."

முத்துமாரியம்மாள் யோசித்தாள். "காலையில தெரியாதா?"

"தெரியாது அத்தை. சாயங்காலம் மட்டும்தான்."

"அப்ப நடத்துங்க" என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். வெள்ளத்துரையின் வியாபார மூளை சும்மா இருக்கவில்லை. கெட்ட சகுனம் என்று பயந்ததை வைத்தே கூட்டம் சேர்த்தால் என்ன? மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டீஸ் அடித்துவிட்டார். 'எவர்சில்வர் மாளிகை திறப்பு விழா. அன்று மாலை நூற்றாண்டின் அதிசயம், ஆகாயத்தை அடைத்து நிற்கும் வால்நட்சத்திரத்தை நேரில் காண ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அனைவரும் குடும்பத்துடன் வருக.' மைக் கட்டிய மாட்டுவண்டி ஊர் ஊராகப் போனது. திருச்சுழி, வீரசோழன், காரியாபட்டி எல்லா இடத்துக்கும் நோட்டீஸ் போய்விட்டது.

கஸ்தூரி நோட்டீஸைப் படித்துவிட்டு ஓடி வந்தாள். "மாமா, எங்க நிக்கும்னுதான் நான் சொன்னேன். எவ்வளவு பெருசா இருக்கும்னு சொல்லவே இல்லையே! அது கணக்குல வராது மாமா. அது எவ்வளவு தூசி கக்குதோ அவ்வளவுதான் தெரியும்."

"பேப்பர்ல போட்டிருக்கானே தாயி."

"அவுகளும் உத்தேசமாத்தான் போட்டிருக்காக."

மார்கழிக் கடைசியில் பேப்பர்காரர்களின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அதுவே கஸ்தூரிக்குக் கிலியாக இருந்தது. பௌர்ணமி கழிந்து, நிலா தாமதமாக எழும்பத் தொடங்கியதும், ஒரு நாள் பொழுது சாய்ந்தவுடன் கணவனை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் பைனாகுலரை வைத்தாள்.

"இருக்கு!" என்று கத்தினாள். "சொன்ன இடத்திலேயே இருக்கு! ஒரு விரக்கடை பிசகலை!"

தங்கசாமி வாங்கிப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். மறுபடி பார்த்தான். "இதுவா? கண்ணாடியில கறைன்னுல்ல நெனச்சேன்."

வெறும் கண்ணுக்கு, ஊதி அணைத்த ஊதுபத்தியின் கடைசிப் புகை மாதிரி ஏதோ இருந்தது. உற்றுப் பார்த்தால் காணாமல் போனது. ஓரக்கண்ணால் பார்த்தால் வந்தது. கஸ்தூரி மாடியில் குதித்துக்கொண்டிருந்தாள். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓடுகிற ஒன்று, தான் சொன்ன இடத்தில் வந்து நின்றிருக்கிறது. தங்கசாமி அவள் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு நோட்டீஸ் ஞாபகம் வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

திறப்பு நாள் வந்தது. காலையிலேயே பஜார் நிறைந்துவிட்டது. வெள்ளத்துரை எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். வாழைமரமும் நாதஸ்வரமும் கண்ணைக் கூசவைக்கும் எவர்சில்வர் அடுக்குகளும். வியாபாரம் குறைவில்லாமல் நடந்தது. மாலையானதும் மக்கள் புதுக்குடத்தை இடுப்பிலும் தூக்குவாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் ஏறினார்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கமுள்ள கரிசல் ஊரிலிருந்து உக்கிரபாண்டி என்ற சம்சாரி, மனைவி குருவம்மாளையும் இரண்டு வீட்டு உறவுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி கட்டி வந்திருந்தார். கடைக்கு ரொம்ப காலத்து வாடிக்கை.

இருட்ட ஆரம்பித்தது. மேற்கே தாழ்வாகப் பளிச்சென்று ஒன்று மின்னியது.

"அந்தா! அந்தா நிக்குது!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். "வால் எங்க?" "வால் கீழ தொங்குதுப்பா, மரம் மறைக்குது."

அது வியாழன்.

கஸ்தூரி மாமனாரைப் பார்த்தாள். வெள்ளத்துரை அவள் காதருகில் வந்து, "தாயி, அதுவே இருந்துட்டுப் போகட்டுமே. எல்லாரும் சந்தோஷமா இருக்காக" என்றார். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை அவரிடம் அவள் அதுவரை கேட்டதில்லை.

அத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்ததே கிடையாது. ஆனால் மேலே ஒன்றரைச் சாண் தள்ளி அவளுடைய புகைத்துளி நின்றுகொண்டிருந்தது. அதை இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"அது வால்நட்சத்திரம் இல்லே!" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "அது வியாழன். தெனமும் இருக்கிறது. வால்நட்சத்திரம் அதுக்கு மேல. கையை நீட்டி ஒன்றரைச் சாண் அளங்க. பொகை மாதிரி இருக்கும். நேராப் பாக்காதீக, ஓரக்கண்ணால பாருங்க."

கரை முழுக்க நூற்றுக்கணக்கான கைகள் வானத்தைச் சாண் போட்டன. பிறகு உக்கிரபாண்டியின் குரல் கேட்டது. "ஏன் அண்ணாச்சி, இதுக்கா வண்டி கட்டி வந்தோம்? எங்க வீட்டு அடுப்புல இதைவிடப் பெருசாப் பொகையுமே!"

சிரிப்பு கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு போனது. வெள்ளத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கஸ்தூரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்போது குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். தொலைதூரத்து ஆட்டை அடையாளம் சொல்கிற கண் அவளுக்கு.

"எனக்கு நல்லாத் தெரியுது தாயி. மேல் பக்கமா ஒரு சின்ன வாலும் இருக்கு. கோழிக்குஞ்சு வாலாட்டம்" என்றாள். "அது கெடக்கட்டும். இம்புட்டூண்டு சாமான் அங்க வந்து நிக்கும்னு ஒனக்கு முன்னாடியே எப்பிடித் தெரிஞ்சுது?"

கஸ்தூரி சொன்னாள். தாம்பாளம் இல்லாததால் குருவம்மாளின் புது எவர்சில்வர் தட்டுகளை வாங்கிச் சாய்த்துக் காட்டினாள். குருவம்மாள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "இதைச் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வண்டி சேத்துக் கூட்டியாந்திருப்பேனே" என்றாள்.

கடை நன்றாக நடந்தது. ஆனால் 'எவர்சில்வர் மாளிகை' என்ற பெயர் பலகையோடு சரி. "பொகைக்கடையில வாங்கினேன்" என்றுதான் ஊரெல்லாம் சொன்னது. அதை முதலில் கேட்டபோது வெள்ளத்துரைக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு, புகைக்கடை எங்கே என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டாலே வழி சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டார். மருமகளிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1976 மாசி மாதத்தில், ஒரு நாள் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டை எடுத்தார் வெள்ளத்துரை. எதிரே கஸ்தூரி தாள்களோடு நின்றாள். "மாமா, கொஞ்சம் கூட்டித் தாரீகளா?"

வெள்ளத்துரை வாங்கினார். விரலை இழுத்தார். எல்லாத் தாளையும் முடித்துவிட்டு, "இன்னொண்ணு வருதா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. வெஸ்ட்னு பேரு. பேப்பர்ல ஒரு மூலையில சின்னதாப் போட்டிருந்தான். போன தடவை பட்டது அவுகளுக்கும் மறக்கலை போல."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கு. விடியுமுன்னே."

"கடைக்கு நேரா." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார். "எவ்வளவு பெருசு?"

"அது தெரியாது மாமா."

"யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. ஒருத்தருகிட்டயும்" என்றார். மனைவியும் மகனும் மருமகளும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. கிழக்கு வெளுக்கப் பொழுதிருக்கும்போதே கஸ்தூரியும் தங்கசாமியும் மாடிக்குப் போனார்கள். வெள்ளத்துரையும், சும்மா காற்று வாங்க வருவதுபோலப் பின்னாலேயே வந்தார். வால்நட்சத்திரத்தின் தலை இன்னும் எழும்பியிருக்காது என்பது கஸ்தூரியின் கணக்கு. எழும்பும் இடத்தைக் கணவனுக்குக் காட்டக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

கிழக்கே கூரைகளுக்கு மேல், வெள்ளையாக விசிறி மாதிரி ஒன்று விரிந்துகொண்டிருந்தது.

கடைசியாக மேலே வந்த முத்துமாரியம்மாள், "ஐயையோ, பஞ்சுக் குடோன்ல தீ!" என்று அலறினாள்.

"தீ இல்லே அத்தை. வால். வெறும் வால்தான். தலை இன்னும் கீழ இருக்கு."

விசிறி மேலே மேலே ஏறியது. அதன் அடிப்பக்கம் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் கஸ்தூரி சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், கொழுந்துவிட்ட விளக்குத் திரி மாதிரி தலை எழும்பியது. தங்கசாமி பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருப்பதையே மறந்துவிட்டான். கஸ்தூரி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"மாமா..." என்று திரும்பினாள். மாமாவைக் காணோம்.

தெருவில் அவர் குரல் கேட்டது. "ஏலே, எந்திரிங்கலே! வந்து பாருங்கலே! நம்ம நட்சத்திரம் வந்துருச்சுலே!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொன்ன மனுஷர். பாவு விரிக்கத் தெருவுக்கு வந்த நெசவாளிகள் நூலைக் கையில் பிடித்தபடியே அண்ணாந்து நின்றார்கள். மதுரை பஸ் கிளம்பாமல் நின்றது. தூக்கத்திலிருந்து எழுப்பின பிள்ளைகள் அழுகையைப் பாதியில் நிறுத்தின. வெள்ளத்துரை எல்லோரிடமும், "எம் மருமக போட்ட கணக்கு. கூட்டல் நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் உக்கிரபாண்டி கடைக்குள் வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"என்ன அண்ணாச்சி நியாயம் இது? போன தடவை ஒண்ணுமில்லாததுக்கு நோட்டீஸ் அடிச்சு, மைக் வச்சு, வண்டி கட்டி வரச் சொன்னீக. இந்தத் தடவை வானமே கிழிஞ்சு தொங்குது, வாயைத் தொறக்கலையே! மாட்டுக்குக் கூளம் போட எந்திரிச்சவன் நடுங்கிப் போயிட்டேன். எம் பொண்டாட்டிதான், பயப்படாதீக, இதைப் பொகைக்கடைத் தாயி கணக்குப் போட்டு வச்சிருக்கும், நீங்க போயி என்னைக்கு வரைக்கும் நிக்கும்னு கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பி வச்சா."

கஸ்தூரி உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னும் ஒரு வாரம் நல்லாத் தெரியும் அண்ணே. தெனமும் கொஞ்சம் முந்தி எழும்பும், கொஞ்சம் மெலியும். தூரமாப் போயிக்கிட்டிருக்கு."

"தினம் எங்க நிக்கும்?"

அவள் சொல்லச் சொல்ல, கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அலுத்துப்போய்த் தங்கசாமி ஒரு கரும்பலகையை வாசலில் கொண்டுவந்து வைத்தான். தினமும் சாயங்காலம் கஸ்தூரி அதில் எழுதினாள்: நாளைக் காலை எத்தனை மணிக்கு எழும்பும், எந்த நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை சாண். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். வீரசோழனிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பாய் ஒருவர் தினமும் ஆளனுப்பி எழுதி வாங்கிக்கொண்டார், அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காம்.

பலகையைப் பார்த்துத்தான் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒருநாள் கடைக்குள் ஏறி வந்தார். டம்ளர் விலை கேட்டார், வாங்கவில்லை. "இதை எழுதுறது யாரு?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லாமல் ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனியில் பள்ளி திறந்தபோது கஸ்தூரி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளத்துரைக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் அடிக்க விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அதற்கு முன்னால், பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், வால்நட்சத்திரம் மிகவும் மங்கிவிட்டது. மாடிக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். முத்துமாரியம்மாள் மட்டும் விடாமல் வந்தாள். தினமும் குளித்து, நெற்றியில் பூசிக்கொண்டு, கோயிலுக்குப் போவது போலவே வந்தாள். ஒருநாள் பைனாகுலரைக் கேட்டு வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, "மறுபடி எப்ப வரும் கஸ்தூரி?" என்று கேட்டாள்.

"நம்ம காலத்தில வராது அத்தை. நம்ம பேரன் பேத்தி காலத்திலயும் வராது. அதோட பாதை அவ்வளவு நீளம்."

முத்துமாரியம்மாள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி வசதியாக நின்றுகொண்டாள். "நீ கீழ போயி அடுப்பைப் பத்தவை. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வாரேன்" என்றாள்.